பராங்கோவில் ஒரு மதியம்

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் இன்று மதியச் சாப்பாடு பராங்கோ பக்கம். கடலைப் பார்த்த மேட்டில், பணக்காரர்கள் அந்தக் காலத்தில் கோடைக்கு வந்து தங்கிய பழைய வீடுகள் நிறைந்த பகுதி. 1876-ல் கட்டிய 'பெருமூச்சுப் பாலம்' என்ற மரப்பாலத்தைக் கடந்து நடந்தோம்.

செவிச்சே கேட்டோம். பச்சை மீன் துண்டுகள், எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், மெல்லிசாக அரிந்த சிவப்பு வெங்காயம், அவ்வளவுதான். அடுப்பே கிடையாது! கண்ணாடி மாதிரி இருக்கும் மீன், சாறு பட்டதும் ஓரத்திலிருந்து வெளுத்து வருகிறது. கூடவே அவித்த சர்க்கரைவள்ளி, கட்டைவிரல் நகம் அளவு மணி உள்ள சோளம். புளிப்பும் காரமும் தலைக்கு ஏறும்போது ஒரு வாய் கிழங்கு போட்டால் நாக்கு அப்படியே அடங்கிவிடுகிறது. தட்டின் அடியில் தேங்கும் சாற்றுக்கு இங்கே 'புலிப்பால்' என்று பெயர். ஒரு சொட்டு விடாமல் வழித்துக் குடித்தேன்.

காலையில் வந்த மீனை மதியமே தீர்த்துவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். அதனால் பல செவிச்சே கடைகள் மாலைக்குள் மூடிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கட்டுப்பாடுதான். 2023-ல் யுனெஸ்கோ இந்தச் சமையலை மரபுப் பட்டியலில் சேர்த்தது சரிதான்.

நாளை மதியமும் இங்கேதான்.