மாஸ்க்குக்கு மேலே தெரியும் முகம்

மாஸ்க் போட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஃபவுண்டேஷனை நிறுத்திவிட்டேன். கழற்றும்போது பாதி மாஸ்க்கின் உள்பக்கம் ஒட்டியிருக்கும், மீதி மூக்கோரத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். அதைவிடப் பெரிய கவலை, தாடையில் வரிசையாக வந்த பருக்கள். மூச்சின் சூடும் ஈரமும் உள்ளேயே தங்குகின்றன, துணி நாள் முழுக்கத் தோலில் உரசுகிறது. அதன்மேல் கனமான கிரீமும் பூசினால் தோல் எவ்வளவுதான் தாங்கும்?

இப்போது ஃபவுண்டேஷன் இடத்தில் லேசான மாய்ஸ்சரைசர் மட்டும். அது நன்றாக ஊறக் கொஞ்ச நேரம் விட்டு, எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் முகம் முழுக்க. (மாஸ்க்கை எப்போது கழற்றுவோம் என்று நமக்கே தெரியாதே.) லிப்ஸ்டிக்குக்குப் பதில் லிப் பாம், அவ்வளவுதான்.

மிச்சமாகும் நேரமெல்லாம் கண்ணுக்கு! புருவத்தைச் சீவி, இடைவெளியைப் பென்சிலால் நிரப்பினாலே முகம் தெளிந்துவிடுகிறது. மஸ்காரா மட்டும் வாட்டர்ப்ரூஃபாகப் பார்த்து வாங்குங்கள். மாஸ்க் மூக்கருகே தளர்ந்திருந்தால் மூச்சுக்காற்று மேலே ஏறும், கண்மை ஈரத்தில் கலைந்துவிடும். மேல்விளிம்புக் கம்பியை மூக்கோடு நன்றாக அழுத்திவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஆவி படிவதும் குறையும்.

துணி மாஸ்க் என்றால் தினமும் துவைக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது, என் பருக்கள் அடங்கியதே அதன் பிறகுதான். என்95 அணிகிறவர்கள் அதன் விளிம்பு படியும் இடத்தில் எதையும் தடிமனாகப் பூசாதீர்கள். முகத்தோடு சரியாகப் பொருந்தாமல் காற்று கசியும்.