கீரிமலையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும்

"கனடாவிலை எந்தக் கோயிலிலை செய்தாலும், ஒருக்கா கீரிமலையிலை எனக்கு எள்ளுந் தண்ணியும் விட்டிடு மோனே." அப்பா கடைசியாகக் கேட்டது இவ்வளவுதான். 1990 ஆனியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது நான் அம்மாவின் இடுப்பில். ரொறன்ரோவில் யாராவது ஊர் கேட்டால் மாவிட்டபுரம் என்பேன். நினைவிலேயே இல்லாத ஊரை என் ஊர் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று மனம் உறுத்தும்.

ஆடி அமாவாசையன்று விடியமுன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டும் பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை. கீரிமலையில் இறங்கியதும் "அண்ணை, இஞ்சை வாங்கோ, உடனே செய்து தாறம்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வெளிநாட்டு ஆள் என்று தெரிந்தால் எள்ளுக்கும் தர்ப்பைக்கும்கூட விலை ஏறுகிறது. தகப்பனை நினைத்து விரதத்தோடு வருகிற சனத்திடம் இப்படிச் செய்யக் கூடாது. எனக்கு நெஞ்சு நொந்துபோனது.

ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு வயதான ஐயர்தான் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். தர்ப்பையை விரலில் போட்டுவிட்டு, "அப்பாவின்ரை பேர்? அவற்றை தகப்பன்? அவருக்கும் தகப்பன்?" என்று கேட்டார். அப்பா வருடாவருடம் இந்த வரிசையைச் சொல்ல, பக்கத்தில் இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அன்றைக்கு வரிசை அப்பாவின் பெயரில் தொடங்கியது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பின்னால் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றும் ஐயர் அவசரப்படுத்தவில்லை. "ஆறுதலாச் சொல்லுங்கோ தம்பி" என்றார். சொன்னேன். எள்ளோடு தண்ணீர் விரலிடுக்கால் வழிய, அவர்கள் மூன்று பேரும் எதிரில் வந்து இருந்து வாங்கிக்கொண்டதாகவே உணர்ந்தேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் பிதிர்க்கடன் கழித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் பூட்டனாரின் பெயரைக் கேட்டுத் திரும்பினார். "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" சொன்னதும் என் தோளில் கையை வைத்தார். "உங்கடை வளவுக்கு மேற்காலை எங்கடை வளவு." ஊரில் என்னை யாரென்று அடையாளம் கண்ட முதல் மனிதர் அவர்.

கேணியில் மூழ்கினேன். மதிலுக்கு அங்கால் உப்புக்கடல், இங்கால் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வரும் நன்னீர். உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. ஈர வேட்டியோடு கீரிமலைச் சிவன் நகுலேஸ்வரர் முன் போய் நின்றேன். 1990இல் குண்டு விழுந்து சிதைந்த கோயில். 2012இல்தான் கும்பாபிஷேகம் கண்டது. நாங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். பெருமான் ஓடவில்லை. தீபம் காட்டியபோது ஒரு வேண்டுதலும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. நகுலாம்பிகை சந்நிதியிலும் அதே.

மாவிட்டபுரம் கந்தன் தீர்த்தமாட வந்தபோது கடற்கரையில் எள்ளுப் போட இடமில்லை. கந்தன் சந்நிதிக்குள் போக விடாமல் 1968இல் சாதியைச் சொல்லி ஒரு பகுதிச் சனத்தை வாசலில் மறித்த கதையையும் அப்பா எனக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அது எங்கள் ஊர் செய்த பாவம். இந்த மண் என்னுடையதென்றால் அந்தப் பாவத்திலும் எனக்குப் பங்குண்டு. அதற்கும் சேர்த்தே அன்றைக்குக் கும்பிட்டேன்.

எங்கள் வளவு இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பி வேலிக்கு உள்ளேதான். அந்தப் பெரியவர் கூட்டிக்கொண்டு போய், பனைகளைக் காட்டி எல்லை சொன்னார். பிறகு தன் வீட்டில் இருத்தி, காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு போட்டார். அந்தக் கைப்புச் சுவையை அப்பா எவ்வளவு ஆசையாகச் சொல்லுவார்!

ரொறன்ரோ திரும்பியதும் மகனுக்கு அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன். நகுலேஸ்வரப் பெருமானே, கூப்பிட்டு அப்பாவின் ஆசையை நிறைவேற்றிவைத்தாய். அடுத்தமுறை அவனையும் கூப்பிடு.