லிஃப்ட் செய்யாத ஃபோர் வீல் டிரைவுக்கு எந்த ஆஃப்செட்?

ரிம் மாற்றும்போது அகலம், நிறம், டிசைன் எல்லாம் பார்த்தேன், ஆஃப்செட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. என் வண்டியோடு வந்தது 7.5 அங்குல ரிம், ஆஃப்செட் +30. நான் வாங்கியது 8 அங்குலம், ஆஃப்செட் 0. டயர் அதே 265/65 ஆர்17, சஸ்பென்ஷனில் கையே வைக்கவில்லை, அதாவது வண்டியை உயர்த்தும் லிஃப்ட் எதுவும் செய்யவில்லை. நிற்கும்போது நன்றாக இருந்தது, ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்த முதல் நாளே வீல் ஆர்ச்சின் உள்பக்க பிளாஸ்டிக்கில் டயர் கரகரவென்று உரசியது.

ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று, ஹப்பில் (சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் இடம்) போய் உட்காரும் முகம் ஒன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் ஆஃப்செட். அந்த முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், உள்பக்கம் இருந்தால் மைனஸ். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். என் கணக்கு இப்படி: அகலம் அரை அங்குலம் கூடியதில் ஒரு பக்கத்துக்கு 6.35 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததில் 30, ஆக வெளிவிளிம்பு 36 மி.மீ.க்கு மேல் வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் 23 மி.மீ.க்கு மேல் கூடுதல் இடம் கிடைத்தது.

இடம் கூடியும் ஏன் உரசியது என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. முன் சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்புவதில்லை, ஸ்டியரிங் அச்சைச் சுற்றி வளைவாகப் போகிறது, வீல் வெளியே போகப் போக அந்த வளைவு பெரிதாகி டயரின் மூலை பம்பர் ஓரத்தையோ ஆர்ச்சின் பின்பக்கத்தையோ தொட்டுவிடுகிறது. லிஃப்ட் செய்யாத வண்டியில் அந்த இடைவெளி ஏற்கெனவே குறைவுதான்.

உரசலோடு போகவில்லை. கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை வெட்டி இழுத்தது, சேறு கதவு முழுக்க அடித்தது. வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், அது உடனே தெரியாது, கிலோமீட்டர் கணக்கில் தெரியும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் தட்டு போட்டாலும் இதே கதைதான்: +30 ரிம்முக்கு 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அது +5 ரிம் போலத்தான் நடந்துகொள்ளும்.

அப்புறம் அதை விற்றுவிட்டு 8 அங்குலத்திலேயே +20 வாங்கினேன். வெளியே 16 மி.மீ.தான் வருகிறது, உள்ளே 3.65 மி.மீ. கூடுதலாகவே இருக்கிறது, உரசல் இல்லை. லிஃப்ட் இல்லையென்றால் கம்பெனி எண்ணிலிருந்து 10, அதிகபட்சம் 15 குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அகலத்தைக் கூட்டிவிட்டு ஆஃப்செட்டை அப்படியே வைப்பதும் ஆபத்து, ரிம் உள்பக்கமும் வளர்ந்து சஸ்பென்ஷன் ஆர்மை நெருங்கும். இன்னொரு மாடலின் எண்ணை அப்படியே எடுக்கவும் வேண்டாம். சுஸுகி ஜிம்னிக்குக் கம்பெனியே +5தான் கொடுக்கிறது, டொயோட்டா ஹைலக்ஸில் +30. ஒன்றுக்கு இயல்பான எண் மற்றொன்றுக்கு ரொம்ப வெளியே.

நான்கையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு ரிம்மை டயரோடு முன்னால் மாட்டிப் பாருங்கள். சமதளத்தில் ஒடித்துப் பார்த்தால் போதாது. அந்தச் சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கியிருக்கும்போது இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒருவர் கீழே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என் முதல் ரிம்மை அப்படிப் பார்த்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.