ரெண்டு ரிட்டர்ன் டிக்கெட்

"குழந்தைக்கு எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டாள் கடைப் பெண்.

எனக்கு வயசு 46. மூத்தவன் பிளஸ் டூ படிக்கிறான். கையில் ஆறு ஃபீடிங் நைட்டி, முன்பக்கம் ஜிப் வைத்தது. தலை வழியாகப் போடுகிற எதுவும் ஆகாது, கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் பாளையங்கோட்டை ஜவுளிக்கடையில் நின்று விளக்கவா முடியும்? "தங்கச்சிக்கும்மா, மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுப் பில் போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த பொய், ரொம்ப நாள் ஓடியது.

நான் செய்துகொண்டது மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உள்ளே பிளாஸ்டிக் வைக்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே உண்டு. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வனைவது என்று பொருள். நம் பக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு எதையும் வைக்கவில்லை, எடுத்தார்கள். இடது பக்கம் 720 கிராம், வலது பக்கம் 680. இருபது வருஷமாகத் தோளில் பிரா பட்டை பதிந்து பதிந்து ஒரு விரல் படுத்துக்கொள்கிற அளவுக்குப் பள்ளம். கழுத்து வலி. சித்திரை வந்தால் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகிவிடும், கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பேன். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதையெல்லாம் இலவசமாகவே செய்கிறார்கள் என்று செய்தி படித்தபோதுதான், இது பணக்காரர்கள் அழகுக்குச் செய்துகொள்கிற காரியம் மட்டும் இல்லை, இதற்கு வைத்தியம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியும். முடிவெடுக்க அப்புறமும் ஐந்து வருஷம் ஆனது.

சென்னைக்குப் போய்த்தான் செய்துகொண்டேன். உள்ளூரில் ஏன் செய்யவில்லை? உள்ளூர் என்பதால்தான். நான் போகிற ஆஸ்பத்திரி எதுவானாலும் அங்கே ஒரு நர்ஸ் என் பழைய மாணவியாக இருப்பாள்.

முதலில் விசாரித்தது ஒரு கிளினிக்கை. பேர் வேண்டாம். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். போட்டோ என்றால் என்ன போட்டோ என்று உங்களுக்கே புரியும். யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்குப் பதிலில்லை. "காலைல சர்ஜரி மேடம், மறுநாள் சாயங்காலம் நீங்க டிரெயின் ஏறிடலாம்" என்றது மட்டும் உடனே வந்தது. அந்த ஒரு வரிக்காகவே அவர்களை விட்டேன். அப்புறம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து ஒருவரைப் பிடித்தோம். வீடியோவில் பேசும்போது நான் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "ஊருக்குப் போன பிறகு ராத்திரி 11 மணிக்குத் தையல் பிரிஞ்சா நான் யாருக்கு போன் பண்ணணும்?" அவர் சிரிக்காமல் ஒரு நம்பர் கொடுத்தார். கூடவே, "அங்கே டிரெஸ்ஸிங் பார்க்க ஒரு சர்ஜனை இப்பவே பேசி வைங்க, அவர்கிட்ட நானும் பேசுறேன்" என்றார். ஆள் சரி என்று பட்டது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஆசைப்படாதீர்கள். பாலிசித் தாளில் விலக்குப் பட்டியலில் 08-ஆம் எண்ணில் காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கிறதென்றால் உண்டு. தோள் வலிக்கு இல்லை. சீட்டுப் பணம் எடுத்தேன், மிச்சத்துக்கு இரட்டைவடச் சங்கிலி பேங்குக்குப் போனது.

நான் போட்ட திட்டம் பிரமாதமான திட்டம். 2023 டிசம்பர் 21 ஆபரேஷன். அரையாண்டு லீவு, அதோடு கொஞ்சம் மெடிக்கல் லீவு, அப்படியே பொங்கல் லீவு. மார்பைச் சுற்றி ஆறு வாரம் இறுக்கமான கம்ப்ரெஷன் பிரா போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் வெயில் காலம் ஆகாது, மார்கழிதான் தோது. 18-ஆம் தேதி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கும் மதினிக்கும் லோயர் பெர்த். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ரயில்வேயில் லோயர் பெர்த் கோட்டா உண்டு. வயசானதில் ஒரு லாபம்.

17-ஆம் தேதி மழை பிடித்தது. மறுநாள் என்ன ஆனது என்று தெற்கத்திக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுத்தண்ணீரில் நின்றது. தாமிரபரணி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறி வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். கைலாசபுரத்திலிருந்து என் நாத்தனார், அவள் மாமியார், ரெண்டு பிள்ளைகள் எல்லோரும் கழுத்து வரை நனைந்து, மாற்றுத் துணி இல்லாமல் வந்து நின்றார்கள். கட்டிலில் என் பெட்டி பூட்டி ரெடியாக இருந்தது. திறந்து, ஆறு ஃபீடிங் நைட்டியையும் எடுத்துக் கொடுத்தேன். 70 வயசு அத்தை ஜிப் நைட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு முன்னால பொட்டி மாதிரி தெறக்கு?" என்றார்கள். ஆபரேஷன் என்று ஒன்று இருந்ததே அந்த வாரம் யாருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.

ரயில் ரத்தானதால் டிக்கெட் காசு முழுசாக வந்துவிட்டது. டாக்டர் அடுத்துக் கொடுத்த தேதி ஜனவரி 23. பொங்கல் முடிந்த வாரம். அப்போதெல்லாம் 120 நாளைக்கு முன்பே புக்கிங் திறந்துவிடும், செப்டம்பரிலேயே எல்லாம் தீர்ந்திருந்தது. தட்காலில் லோயர் பெர்த்துக்கு உத்தரவாதம் கிடையாது. போகும்போது உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சனிக்கிழமை காலை 6 மணி வந்தே பாரத்தில் உட்கார்ந்தே போனோம்.

திரும்பி வருகிறதைத்தான் நான் வேறு மாதிரி செய்தேன். வெள்ளம் கொடுத்த புத்தி. பிப்ரவரி 4-க்கு ஒரு டிக்கெட், 11-க்கு ஒரு டிக்கெட், ரெண்டும் தேர்ட் ஏசி. அப்போது 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் பிடித்தார்கள். வீட்டுக்காரர் "ஒரு ஆபரேஷனுக்கு ரெண்டு ரிட்டர்ன் டிக்கெட்டா!" என்று அண்ணனிடம் போனில் சொல்லிச் சிரித்தார்.

தங்குகிற இடத்தால் ஒரு மனஸ்தாபம். குரோம்பேட்டையில் சித்தி மகள் வீடு இருக்கும்போது வெளியே ரூம் எடுக்கலாமா? மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரே கட்டில், அதில் சித்தி படுப்பார்கள். பாயில் படுத்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. கை ஊன்றக் கூடாது. இதைச் சொன்னால் "நாங்க தூக்கி விட மாட்டோமா" என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை கிலோமீட்டரில் தரைத் தளத்தில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தோம். கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட், ஒரு கேஸ் அடுப்பு. நாளுக்கு 2,200. சித்தி மகள் இன்னும் முழுசாகப் பேசவில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கினேன், எழுந்தேன். அதற்கு முந்தின ரெண்டு மாதத்தில் மேமோகிராம், ஹீமோகுளோபின், ரெண்டு வாரம் முன்பிருந்து ஆஸ்பிரின் வகை மாத்திரை கூடாது, நாட்டு மருந்து கூடாது என்று எல்லாம் ஆகியிருந்தது. எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்புவார்கள் என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியாது. அந்த ரிப்போர்ட் வரும் வரை வயிற்றில் புளி.

விழித்துப் பார்த்தால் ரெண்டு பக்கமும் ரத்தநீர் வடிகிற குழாய், குழாய் முனையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா. அன்றைக்குச் சாயங்காலமே நடக்கச் சொல்லிவிட்டார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. மதினிக்கோ ஆபரேஷன் ஆனவள் அசையவே கூடாது. டப்பாவை எதில் வைத்து நடப்பது என்று தெரியாமல் நான் நிற்க, தன் பைக்குள் கையை விட்டு ஒரு தாம்பூலப் பையை எடுத்தார்கள். ஏதோ வீரவநல்லூர்க் கல்யாணம், மணமக்கள் பேர் பச்சையில் அடித்தது, அடியில் ஒரு காய்ந்த வெற்றிலைக் காம்பு கூட இருந்தது. அதை உதறிவிட்டு டப்பா ரெண்டையும் உள்ளே போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே காரிடார் முழுக்க நடந்தார்கள். எதிரே வந்த வார்டு பையன் "கல்யாண வீடா ஆன்ட்டி?" என்றான். சிரிக்க முடியாது, வலிக்கும். டிஸ்சார்ஜுக்கு முன்னால் குழாயை எடுத்தார்கள். பையை மதினி துவைத்துத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

உங்களோடு யார் வருகிறார்கள் என்பதுதான் விஷயம். ரூமை விட, ரயிலை விட. என் தலையை நானே வார முடியாது. ரெண்டு வாரம் மதினிதான் வாரி, பின்னலை இறுக்கிப் போட்டுவிட்டார்கள், சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. முட்டை, பருப்பு நிறையச் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். மதினி பத்தியம்: கத்திரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது. கடைசியில் ரெண்டு கட்சியும் ஒத்துப்போனது சுறாப் புட்டில். பால் சுரக்கக் கொடுக்கிற சாப்பாடு! "மதினி, இருக்கதக் கொறைக்கத்தான் இவ்வளவு செலவு பண்ணிருக்கு" என்றேன். "வாயை மூடிட்டுத் தின்னு பிள்ள."

ஊரில் விசாரித்தவர்களுக்கு மதினி சொன்ன பதில் தைராய்டு ஆபரேஷன். என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு தெருவே என் கழுத்தைப் பார்த்தது. "தழும்பே தெரியலையே, நல்ல டாக்டர்" என்று நம்பர் வாங்கிக்கொண்டு போனவர் கூட உண்டு.

ஒன்பதாம் நாள், பிப்ரவரி 1. உடம்பு துடைத்துவிடும்போது மதினி கை நின்றது. மார்புக்கு அடியில், நேர்த் தையலும் குறுக்குத் தையலும் சேருகிற இடத்தில் ஒரு பட்டாணி அளவுக்கு வாய் திறந்திருந்தது. லேசாக நீர். டாக்டர் முன்பே படம் போட்டுச் சொன்ன அதே இடம், தோல் அதிகம் இழுபடுகிற முனை, அங்கேதான் பிரிந்தால் பிரியும். சொன்னது நினைவில் இருந்தும் கால் வெலவெலத்தது. பத்து நிமிஷத்தில் ஆட்டோ, ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் மார்பில் தலையணையை அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார்கள். தைக்கவில்லை, தானாக ஆறும், ஒன்றுவிட்டு ஒரு நாள் வாருங்கள் என்றார்கள். காய்ச்சல் வந்தாலோ, சிவந்து பரவினாலோ காத்திருக்காமல் கூப்பிடச் சொன்னார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டும் அன்றைக்கே கையில் வந்தது. ஒன்றும் இல்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கையில் போனை எடுத்து 4-ஆம் தேதி டிக்கெட்டை ரத்து செய்தேன். 48 மணி நேரத்துக்கு மேலே இருந்தது. வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது.

11-ஆம் தேதி தாம்பரத்தில் ஏறினோம். பெட்டியை மதினியும் போர்ட்டரும் பார்த்துக்கொண்டார்கள், எனக்கு ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்கத் தடை. நிமிர்ந்து சாய்ந்து படுக்க வீட்டிலிருந்து கொண்டுபோன ரெண்டு தலையணை, முட்டிக்குக் கீழே சால்வை. தண்ணீர் நிறையக் குடித்தேன். அதனால் டாய்லெட்டுக்கு எழுந்தே ஆக வேண்டும், எழுந்தால் நடை. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் மூன்றும் நான் பார்த்தேன். எதிர் பெர்த் பெரியவர் "சுகரா தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மெடிக்கல் சர்டிஃபிகேட்டில் ஆபரேஷன் பேரை ஆங்கிலத்தில் முழுசாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஆபீஸ் கிளார்க் அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, தலை நிமிராமல் சீல் வைத்தார். நல்ல மனுஷன்.

மார்ச் வரை கையைத் தோளுக்கு மேல் தூக்க விடவில்லை. அதனால் போர்டில் பாதிக்குக் கீழேதான் எழுதினேன். சமன்பாடு நீளமாகப் போனால் அடியில் இடம் தீர்ந்து, அழித்து அழித்து எழுத வேண்டும். மூணாவது நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்தான்.

"டீச்சர், முன்னால இருக்கவன் தலைதான் தெரியுது. மேல எழுதுங்களேன்."

"நீ வந்து எழுதுல" என்று சாக்பீஸை நீட்டினேன். வந்து எழுதினான். சல்ஃபேட்டைத் தப்பாக எழுதினான்.