010-க்கு அடுத்து 009: ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் செய்த வேலை

டீமில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்த சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. நடப்பு வரைவை அறிக்கை_006, அறிக்கை_007 என்று அடுத்தடுத்த எண் போட்டு நகலெடுத்து வைப்பதுதான் அதன் வேலை. பெயரிலிருந்து எண்ணைப் பிரிப்பது, திரும்ப ஒட்டுவது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

ஆனால் 009-ஐத் திறந்தால் நேற்று எழுதிய பத்தி இருக்கிறது, 010-இல் அது இல்லை! 011 என்று ஒரு கோப்பே கிடையாது.

லாகைத் தோண்டியபோது புரிந்தது. முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் அந்த எண்ணை ஆக்டல் (எட்டடிமான) கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. அதனால் 008 வந்ததும் 'வேல்யூ டூ கிரேட் ஃபார் பேஸ்' (இந்த அடிமானத்துக்கு மதிப்பு பெரியது) என்று சொல்லி நின்றிருக்கிறது. எட்டு எப்படிப் பெரிய எண்ணாகும் என்று யாருக்கும் விளங்கவில்லை போல, யாரோ கையாலேயே பெயர் வைத்து 010 வரை தள்ளிவிட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் வினை. ஆக்டலில் 010 என்றால் 8, ஒன்று கூட்டினால் 9, அதனால் பழைய 009 மேலேயே எழுதியாயிற்று. கடைசி எண் 010-ஆகவே இருப்பதால் அடுத்த முறையும் அதே 009, அதற்கடுத்த முறையும் அதே. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பழைய 009 பேக்கப்பில் கிடைத்தது. நடுவில் வந்தவை போனது போனதுதான்.

கணக்குப் போடும் இடத்தில் மாறிக்கு முன்னால் 10# சேர்த்தால் பத்தடிமானத்தில் கூட்டும். மாறியின் டாலர் குறியை விட்டுவிடாதீர்கள், விட்டால் மறுபடி அதே பிழைச்செய்திதான். எண்ணை மூன்று இலக்கமாக வடிவமைக்கும் பிரிண்ட்எஃப் கட்டளையிடம் 008-ஐ நேரே கொடுத்தாலும் ஆக்டல் தொல்லை உண்டு, கூட்டி முடித்த எண்ணை மட்டும் கொடுங்கள். கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) எஸ்ஹெச் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி: டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்ஹெச் என்பது டாஷ் என்ற வேறொரு ஷெல், அதற்கு 10# புரியாது. பாஷ் என்றே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்பிஆர் என்ற கணக்குக் கட்டளை இருக்கிறது, அது முன்பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாது.

நகலெடுக்கும் முன் அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் பிழையோடு வெளியேறும்படி இரண்டு வரி சேர்த்தேன். முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய இரண்டு வரி!

உங்கள் ஸ்கிரிப்ட்டை 001 வைத்துச் சோதித்துப் பயனில்லை. ஒரு காலி ஃபோல்டரில் 008, 010, 099 என்று ஒவ்வொன்றாக வைத்து ஓட்டி, 009, 011, 100 வருகிறதா என்று பாருங்கள்.