பன்றிக் கிருமி மூளைக்காய்ச்சலா? காதை முதலிலேயே பாருங்கள்

பன்றியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் தொற்றில் காது போகுமா என்பதைக் காய்ச்சலின் அளவு சொல்லாது. கிருமி மூளை உறையைத் தொட்டுவிட்டதா என்பதே பெரிய துப்பு. ரத்தத்தோடு நின்றிருந்தால் ஆபத்து குறைவு. உறையிலிருந்து அழற்சி காக்ளியாவுக்குள் (ஒலியை உணரும் உள்காதுப் பகுதி) இறங்கும்போது பெரும்பாலும் கீச்சொலிகள்தான் முதலில் மங்கும். பேச்சு ஓரளவு கேட்பதால் நோயாளி சொல்லவே மாட்டார். தலைசுற்றல், காதிரைச்சல் சேர்ந்தால் சந்தேகம் இரட்டிப்பு.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்குச் சற்று முன்போ கூடவோ டெக்ஸாமெத்தசோன் (அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு) 10 மி.கி., 6 மணிக்கொரு முறை, 4 நாள். நினைவு தெளிந்ததும் ஆடியோகிராம் (கருவி வைத்துச் செய்யும் கேட்புச் சோதனை). விரல் சொடுக்கிப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை! இரு காதும் போயிருந்தால் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடாதீர்கள். காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்தபின், கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியின் கம்பியை நுழைப்பது பெரும்பாடு.