தாத்தா இல்லாத முதல் அறுப்பின் பண்டிகை

போன ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகைக்கு, அதான் முதல் விளைச்சல ஆண்டவருக்குப் படைக்கிற நாளு, மலேசியாவுல பேராக் பக்கம் சுங்கை சிப்புட் போய்ட்டு வந்தோம். ஈப்போ தாண்டி செம்மோர் வழியா பழைய ரோடு, சுண்ணாம்பு மலையெல்லாம் பாத்துக்கிட்டே போய் செம்பனைத் தோட்டத்துக்குள்ள திரும்பினா செம்மண் பாதை, காடி (கார்) அடி தட்டிக்கிட்டே போவுது.

எங்க தாத்தா லுத்தரன் கிறிஸ்தவரு, ஆனா சர்ச்னு சொல்லவே மாட்டாரு, கோயில்னுதான் வரும். அவரோட அப்பா தரங்கம்பாடி பக்கம், 1706ல லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கின ஊரு. அங்க 1718ல கட்டின புது எருசலேம் கோயில தாத்தா ஒரு நாளும் பாத்ததில்ல, ஆனா நேத்து போய்ட்டு வந்த மாதிரியே பேசுவாரு. தோட்டத்துக் கோயில் என்னமோ பலகைச் சுவரு, தகரக் கூரை, மழை பேஞ்சா ஐயர் பிரசங்கம் கேக்காது. (நாங்க பாஸ்டர ஐயர்னுதான் கூப்புடுவோம், கூட்டாளிங்க கேட்டா சிரிப்பானுங்க.)

ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு தாத்தா. தோட்டங்கள துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலத்துல, 1960ல ம.இ.கா. (மலேசிய இந்தியர் கட்சி) தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளிங்களே சேந்து தோட்டம் வாங்கறதுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்போ இவரும் பங்கு வாங்கினாரு. வேலைய விட்ட பிறகு லயத்து வீட்டுக்குப் பின்னாடி மரவள்ளி, வெண்டி, ரெண்டு மாடு, பிசாங் பெராங்கான் வாழை. இனிப்புநீர்ல (சர்க்கரை வியாதி) கால் வீங்கிப் போயும் தண்ணி வாளிய விடல. ஒரு சனிக்கிழமை விடியக்காலையில மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு வந்து படுத்தவருதான்.

அடக்கத்தன்னைக்கு நல்ல மழை. கல்லறைக்குப் போற கேட்டுல பூட்டு, தோட்டம் கை மாறியிருந்துச்சு, சாவி வர ஒரு மணி நேரம். பெட்டியத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னது பாதிப் பேரு மாரியம்மன் கோயில் பையனுங்க, திருவிழாவுக்கு வருஷா வருஷம் தாத்தா தோட்டத்து வாழைதான் அவங்களுக்கு. அந்தப் பூட்ட நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

அறுப்பின் பண்டிகைன்னா ஆராதனை முடிஞ்சதும் ஏலம். பூசணி, முட்டை, கால் கட்டின கோழி. தாத்தா முதல் தாரக் கொண்டாந்து பீடத்துக்கு முன்னால வைப்பாரு, அப்புறம் ஏலத்துல அவரே எடுத்து சீப்பு சீப்பா எல்லாருக்கும் குடுத்துருவாரு. நம்ம தாரை நாமளே ஏன் தாத்தா காசு குடுத்து வாங்கணும்னு சின்னதுல கேட்டேன். "குடுத்தாச்சில்ல, இனி எப்பிடிடா நம்மளுது"ன்னாரு.

இந்த வருஷம் பாட்டி தூக்கிட்டு வந்துச்சு. நான் எடுக்கலாம்னு முப்பது வெள்ளின்னேன், பின்னாடியிருந்து லோரி ஓட்டுற அண்ணன், பெட்டி தூக்கினவரு, அம்பதுன்னாரு. நூறு தாண்டவும் நான் விட்டுட்டேன். நூத்தி இருவதுக்கு எடுத்துட்டு அங்கனயே கத்தி வாங்கி சீப்பு வெட்டிக் குடுத்தாரு.

கல்லறைக்குப் போனோம், கேட்டு இப்ப சும்மா சாத்தித்தான் இருக்கு. ஐயர் ஜெபம் பண்ணி முடிச்சதும் பாட்டி அங்கயே உக்காந்து ஒரு பழத்த உரிச்சு கடிச்சுப் பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சுச்சு. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கணும். உங்க தாத்தா இருந்திருந்தா வெட்ட விட்டிருக்க மாட்டாரு."